உடன்பிறந்த சாட்சி: இளையோர் டிஸ்டோபியாவில் வில்லன் உருவாகும் கதையும் கணியம்பாடிக் கூத்துக் களமும்

1. ஆய்வுப் பொருளும் களமும்

சூசன் காலின்ஸ் எழுதிய ‘தி ஹங்கர் கேம்ஸ்’ 2008இல் வெளிவந்தபோது அதில் வரும் அதிபர் ஸ்னோவுக்குக் கடந்த காலம் என்று ஒன்று இல்லை. கையில் ஒரு நாடு மட்டும் இருந்தது. பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் 24 பிள்ளைகளைப் பிடித்துவந்து, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லவிட்டு, அதைத் தொலைக்காட்சியில் காட்டி அச்சத்தால் ஆள்கிற பானெம் நாட்டின் தலைவன் அவன். 2009, 2010 ஆண்டுகளில் வந்த அடுத்த இரண்டு நாவல்களில் சட்டையில் வெள்ளை ரோஜாவும் வாயில் இரத்த வாடையும் சேர்ந்தன; இளமைக் கதை வரவில்லை. பத்தாண்டு கழித்து, 2020 மே மாதம், ‘தி பாலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்நேக்ஸ்’ வந்தது. அதில் அதே ஸ்னோவுக்கு வயது 18. பள்ளி மாணவன், தாய் தந்தை இல்லாதவன், பசித்தவன். 2023 நவம்பரில் அது படமாகவும் வந்தது.

கொடியவனுக்கு ஓர் இளமையைக் கொடுத்தால் அவன் குற்றம் குறைந்துவிடுமா? பதின்வயதுப் பிள்ளைகள் படிக்கிற நூலில் இது சும்மா கேட்கிற கேள்வி அல்ல. அவர்கள் அப்போதுதான் தங்கள் குணத்துக்குக் காரணம் தேடத் தொடங்குகிறார்கள். வீட்டில் நடந்தது, பள்ளியில் பட்டது, பிறந்த இடம் என்று ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கிற வயது அது. அந்த வயதில் கையில் கிடைக்கும் நாவல், காரணத்தையும் மன்னிப்பையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்துவிட்டால் கேடு. காரணமே பேசாமல் கொடியவனைப் பிறவி அரக்கனாக நிறுத்திவிட்டாலும் கேடுதான்.

இந்தக் கேள்வியை நான் கணியம்பாடியில் வைத்துப் பார்க்கிறேன். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிற ஊர். அமிர்தி பக்கம் திரும்பினால் ஜவ்வாது மலையின் அடிவாரம் வந்துவிடும். களத்தை இங்கே வைப்பதற்குக் காரணம் உண்டு. வட தமிழ்நாட்டின் இந்தப் பகுதி பாரதக் கூத்தின் மண். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களிலும் தர்மராஜா கோயில்களிலும் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், இரவில் கூத்து நடக்கும். கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி. வில்லன் எப்படி வில்லன் ஆனான் என்பதை ஊரே கூடி, இரவு முழுவதும் விழித்திருந்து கேட்கிற வழக்கம் இங்கே புத்தகத்துக்கு முன்பே இருக்கிறது.

அந்தக் கூத்தில் ராஜா வேஷம் வரும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் மத்தளத்தின் வேகம் ஏறும், முகவீணை இழுக்கும், கிரீடத்தின் உச்சி மட்டும் திரைக்கு மேலே தெரியும். துரியோதனன் திரைக்குள் நின்றே தன் பெருமையைப் பாடுவான். சலங்கை ஒலி கேட்கும், ஆள் தெரியமாட்டான். பிறகு திரை விலகும். மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்த புஜக்கட்டையும் மார்புப் பதக்கமுமாகச் சுழன்று வந்து நிற்பான். கட்டியக்காரன் அவனிடம் யார், எந்த நாடு, யார் மகன், வந்த காரியம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். ராஜா தன் வாயால் தன் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். நல்லவனோ கெட்டவனோ, அவனவன் கதையை அவனவன்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது கூத்தின் நியதி. வில்லனின் தோற்றக்கதை என்கிற வடிவத்துக்கு இதைவிடத் தெளிவான மேடை இலக்கணத்தை நான் கண்டதில்லை.

2. எதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை

வில்லனை நாயகனாக்குவது வேறு. வில்லன் உருவான கதையைச் சொல்வது வேறு. தமிழில் முதல் வகைக்கு வலுவான வரலாறு உண்டு. பாரதிதாசன் 1934இல் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ நாடகத்தைத் தந்தார். புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946இல் வந்தது, 1948இல் சென்னை மாகாண அரசால் தடை செய்யப்பட்டது, 1971இல்தான் தடை நீங்கியது. இவை இரணியனையும் இராவணனையும் குற்றவாளிக் கூண்டிலிருந்தே வெளியே எடுத்துவிடுகின்றன. அவர்கள் கெட்டவர்கள் என்பதே வென்றவர் கட்டிய கதை என்பது இந்நூல்களின் வாதம். அரசியலாக அதன் நியாயம் பெரிது. ஆனால் தோற்றக்கதை செய்யும் வேலை அதுவல்ல. அது, குற்றம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அந்தக் குற்றம் எங்கே முளைத்தது என்று கேட்பது. ஸ்னோ செய்த கொலைகளில் ஒன்றைக்கூட காலின்ஸ் இல்லை என்று சொல்லவில்லை. பழைய நூல்களில் படித்தறியாத புதிய கொலைகளைச் சேர்த்துத்தான் சொல்கிறார்.

3. பிறப்பு

பிறப்பைக் காரணமாகக் காட்டுவது மிகப் பழைய வழி, மிக எளிய வழி. காந்தாரி இரண்டு ஆண்டு சுமந்தாள். குந்திக்குப் பிள்ளை பிறந்த செய்தி கேட்டு வயிற்றில் அடித்துக்கொண்டாள். வெளிவந்த சதைப் பிண்டத்தை வியாசர் பகுத்து நெய்க்குடங்களில் இட்டார். துரியோதனன் பிறந்ததும் நரிகள் ஊளையிட்டன. இந்தப் பிள்ளையைக் கைவிட்டுவிடு, குலம் பிழைக்கும் என்று விதுரன் சொன்னான். திருதராஷ்டிரன் கேட்கவில்லை.

விதுரனின் பேச்சு எனக்கு எப்போதும் உறுத்தலானது. ஒரு குற்றமும் செய்யாத குழந்தைக்குத் தீர்ப்பு எழுதச் சொல்லும் பேச்சு அது. பானெம் அரசு மாவட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதும் இதே மொழியில்தான்: அவர்கள் பிறப்பிலேயே கலகக்காரர்கள், அடக்கி வைக்காவிட்டால் நாடு பிழைக்காது. பிறப்பால் கெட்டவர் என்கிற வாதம் டிஸ்டோபியாவின், அதாவது கொடிய கற்பனை நாட்டின், ஆட்சி மொழி. ஆகவே டிஸ்டோபிய நாவல் தன் வில்லனை விளக்க அதே வாதத்தை எடுக்க முடியாது. காலின்ஸ் எடுக்கவும் இல்லை.

4. காயம்

அடுத்த வழி காயம். கம்பர் இதை ஒரே செய்யுளில் முடித்திருக்கிறார். இராமனின் முடிசூட்டுக்காக நகரில் எழுந்த மகிழ்ச்சியைக் கண்டு கொதிக்கும் கூனிக்கு ஒரு பழைய நினைவைக் கொடுக்கிறார். சிறுவன் இராமன் வில்லில் மண்ணுருண்டை வைத்து விளையாட்டாக அவள் கூன் மீது அடித்தான். அவனுக்கு அது அன்றே மறந்துபோன விளையாட்டு. அவளுக்கு வாழ்நாள் முழுதும் தீராத வலி. இராமகாதையின் பேரழிவு முழுவதும் ஒரு சிறுவனின் குறும்பிலிருந்து பிறக்கிறது என்று கம்பர் காட்டுகிறார். அதற்காகக் கூனியை அவர் விடுவிப்பதும் இல்லை.

கூத்தில் துரியோதனனின் காயம் மயன் கட்டிய மண்டபத்தில் நேர்கிறது. இராஜசூய யாகத்துக்கு வந்தவன் தரையென்று நினைத்துத் தண்ணீரில் விழுகிறான், பாஞ்சாலி சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பிலிருந்து சூதாட்டம், சூதாட்டத்திலிருந்து துகிலுரிதல் என்று கூத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகிறது.

ஸ்னோவின் காயம் பசி. உள்நாட்டுப் போரில் தலைநகர் முற்றுகையிடப்பட்டபோது அவன் சிறுவன். தந்தை தளபதி, 12ஆம் மாவட்டத்தில் கொல்லப்பட்டார். தாய் பிரசவத்தில் இறந்தாள், சேயும் பிழைக்கவில்லை. குடும்பத்தின் சொத்து 13ஆம் மாவட்டத்து ஆயுத ஆலைகளில் இருந்தது. போரில் அந்த மாவட்டமே அழிந்ததும் குடும்பப் பெயர் மட்டும் மிஞ்சியது. பணக்காரப் பக்கத்து வீட்டுக்காரர், தெருவில் செத்துக்கிடந்த பணிப்பெண்ணின் காலை உணவுக்காக அறுத்தெடுத்துச் சென்றதைச் சிறுவன் ஸ்னோ பார்த்திருக்கிறான். நாவலின் முதல் காட்சியில் அவன் முட்டைக்கோஸை வேகவைத்துக்கொண்டிருக்கிறான். அன்று பள்ளியில் முக்கியமான நிகழ்ச்சி. போட்டுக்கொண்டு போகச் சட்டை இல்லை. தந்தையின் பழைய சட்டையை அக்கா முறையான டைக்ரிஸ் வெளுத்து, வெட்டித் தைத்து, பொத்தான் இல்லாததால் வேலைக்காரிகள் குளித்த அறையின் சுவரில் பதித்திருந்த சிறு சதுரக் கற்களைப் பெயர்த்துத் துளையிட்டுப் பொத்தானாக வைத்துக் கொடுக்கிறாள். பள்ளியில் எல்லோரும் அதைப் புதுப் பாணி என்று நினைக்க வேண்டும். பசி தெரிந்துவிடக் கூடாது.

இந்தச் சட்டையை நம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனின் சீருடையைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, அது பழசென்று யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டுமே என்று வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அதனால்தான் இந்த நாவலின் முதல் பகுதி ஆபத்தானது. வாசகர் ஸ்னோவின் பக்கம் போய் நின்றுவிடுகிறார். நிற்கட்டும் என்றுதான் காலின்ஸ் அழைக்கிறார்.

காரணம் கேட்பது மன்னிப்பதாகாது என்பதற்குக் கணியம்பாடி ஒன்றியமே ஒரு சான்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலப் பிரிவு பல பத்தாண்டுகளாக இந்த ஒன்றியத்து ஊர்களில் பிறப்பையும் இறப்பையும் வீடுவீடாகப் பதிந்து, ஒவ்வொரு சாவுக்கும் காரணம் என்னவென்று கேட்டு எழுதிவந்திருக்கிறது. அந்தப் பதிவேடு யாரையும் குற்றம் சாட்டுவதும் இல்லை, விடுவிப்பதும் இல்லை. அடுத்த சாவு நேராமல் தடுக்க எதை மாற்றலாம் என்று தேடுகிறது. வில்லனின் காயத்தையும் நாவல் அந்த நோக்கத்தோடுதான் திறக்க வேண்டும்.

5. பாடம்

காயத்தைவிட முக்கியமானது, அந்தக் காயத்துக்கு என்ன பொருள் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது. இந்த இடத்தில் தமிழ் மரபு ஓர் அரிய நூலைத் தருகிறது. காஞ்சிபுரம் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம்.

கணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வள்ளிமலைக்கும் திருத்தணிக்கும் போகிறவர்கள் உண்டு. சூரசம்ஹாரம் பார்த்தவர்கள் இன்னும் அதிகம். ஆனால் சூரபதுமன் எப்படி வளர்ந்தான் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. அசுர காண்டத்தின் தொடக்கம் முழுவதும் அதுதான். தேவர்களிடம் தோற்று நொந்துபோன அசுரேந்திரனின் மகளைச் சுக்கிராசாரியார் பயிற்றுவித்து மாயை ஆக்குகிறார். குலத்தின் தோல்விக்குப் பழிவாங்க அவள் காசிப முனிவரை மயக்கி, ஓர் இரவின் சாமங்களில் சூரபதுமன், சிங்கமுகன், தாரகன், அசமுகி ஆகியோரைப் பெறுகிறாள். விடிந்ததும் பிள்ளைகள் வணங்கி நிற்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள்.

முதலில் தந்தை பேசுகிறார். அறம், தவம், கொல்லாமை என்று பொறுமையாக எடுத்துச் சொல்கிறார். மார்க்கண்டேயர் கதையை நீளமாகச் சொல்கிறார். பிறகு தாய் பேசுகிறாள். இவையெல்லாம் துறவிகளுக்கு ஏற்ற பேச்சு, உங்களுக்கு வேண்டியது செல்வமும் வெற்றியும், அதற்கு வேள்வி செய்யுங்கள் என்கிறாள். காசிபன் உபதேசம் என்று ஒரு படலம், மாயை உபதேசம் என்று ஒரு படலம். கச்சியப்பர் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறார். பிள்ளைகளுக்கு இரண்டு பாடமும் கிடைத்தது. ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். சூரன் அறம் அறியாதவன் அல்லன் என்பதை அவன் செய்த முதல் தவறுக்கு முன்பே கவிஞர் பதிவு செய்துவிடுகிறார். பின்னர் அவன் எவ்வளவு பெரிய தவம் செய்து 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரம் பெற்றாலும், அந்த முதல் நாள் காலைப் பாடம் அவன் கணக்கிலிருந்து அழியாது.

ஸ்னோவுக்கும் பாடம் உண்டு, ஆசிரியர் உண்டு. பிள்ளைகளைக் கொல்லவிடும் அந்த விளையாட்டுகளின் தலைமை வடிவமைப்பாளரான டாக்டர் வொலம்னியா கால். மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளாக அந்த ஆண்டு முதல் பள்ளியின் மூத்த மாணவர்களை நியமிக்கிறார்கள். ஸ்னோவுக்கு 12ஆம் மாவட்டத்து லூசி கிரே பேர்ட் என்கிற பாடகி வாய்க்கிறாள். டாக்டர் கால் மாணவர்களிடம் கட்டுரை எழுதச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். போட்டியைப் பார்க்க மக்கள் வரவில்லை, என்ன செய்யலாம்? போரில் உங்களுக்குப் பிடித்தது எது? நல்ல மதிப்பெண் வாங்கினால்தான் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கிடைக்கும் என்பதால் ஸ்னோ இரவு விழித்து எழுதுகிறான். பார்வையாளர்கள் பந்தயம் கட்டட்டும், பிடித்த பிள்ளைக்கு உணவு அனுப்பட்டும் என்பது அவன் எழுதிய யோசனை. ஒரு மாணவனின் வீட்டுப்பாடம் அரசின் கருவியாகிறது. பின்னாளில், முதல் மூன்று நாவல்களின் நாயகி காட்னிஸுக்கு வெள்ளிப் பாராசூட்டில் ரொட்டி வந்து இறங்கியதே, அதன் வேர் இங்கே இருக்கிறது.

இதற்கும் கீழே இன்னொரு வீட்டுப்பாடம் புதைந்திருக்கிறது. பள்ளியின் தலைவர் காஸ்கா ஹைபாட்டம் மாணவராக இருந்தபோது, எதிரிக்கு மறக்கவே முடியாத தண்டனை ஒன்றை வடிவமைத்து எழுது என்று கால் கொடுத்த பயிற்சிக்காகக் குடிபோதையில் கிறுக்கியதுதான் இந்த விளையாட்டு. அதை அவர் தெளிந்ததும் கிழித்துப் போட நினைத்தார். கூட்டாளி மாணவர் அதற்குள் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டார். அந்தக் கூட்டாளி ஸ்னோவின் தந்தை.

இளையோர் நாவலில் இதைவிடக் கனமான செய்தி இருக்க முடியாது என்று நினைக்கிறேன். சர்வாதிகாரி இருட்டறையில் உருவாகவில்லை. நல்ல பள்ளியில், பாராட்டும் ஆசிரியரின் எதிரில், மதிப்பெண்ணுக்காக எழுதிய விடைத்தாளில் உருவாகிறான். கேள்வியின் கொடுமையைக் கவனிக்காமல் விடையின் திறமைக்கு மட்டும் மதிப்பெண் போடும் கல்வி அது. தேர்வுக்கு மேல் தேர்வாக எழுதி வளரும் தமிழ்ப் பிள்ளைகள், ஒரு கேள்விக்கு விடை எழுதாமல் தாளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதை எங்கே கற்பார்கள்? இந்தக் கேள்வியை எழுப்புவதற்காகவே இந்நாவலை வேலூர் மாவட்டத்துப் பள்ளி நூலகம் ஒவ்வொன்றிலும் வைக்கலாம்.

டாக்டர் காலின் மிகப் பெரிய பாடம் களத்திலேயே நடக்கிறது. இரவில் போட்டி அரங்குக்குள் புகுந்துவிட்ட வகுப்புத் தோழன் செஜானஸை மீட்டுவர ஸ்னோவை அனுப்புகிறார். தப்பும்போது ஸ்னோ ஒரு மாவட்டத்துச் சிறுவனை அடித்துக் கொல்கிறான். திரும்பி வந்தவனின் காயத்துக்கு மருந்திட்டுக்கொண்டே, மனிதன் இயல்பில் யார் என்று இப்போது புரிந்ததா என்று அவர் விளக்கம் சொல்கிறார். பசித்த பிள்ளைகளைக் கூண்டில் பூட்டிக் கையில் ஆயுதம் கொடுத்துவிட்டு, இதுதான் மனித இயல்பு என்பது மோசடியான சோதனை. ஸ்னோ அந்த விளக்கத்தை வாங்கிக்கொள்கிறான். நூலின் முகப்பில் ஹாப்ஸ், லாக், ரூசோ மூவரின் மேற்கோள்களை வைத்திருக்கும் காலின்ஸ், மனிதனை அடக்க அரசு தேவையா, மனிதனைக் கெடுத்தது அரசா என்கிற அந்தப் பழைய வழக்கை ஒரு சிறுவனின் மனத்துக்குள் நடத்திப் பார்க்கிறார்.

6. உடன்பிறந்தவர்

இந்தக் கட்டுரையின் மையக் கருத்து இங்கே இருக்கிறது. வில்லனின் தோற்றக்கதை நேர்மையானதா என்று அறிய, அவன் பட்ட துன்பத்தை எவ்வளவு உருக்கமாகச் சொன்னார்கள் என்று பார்ப்பது பயன் தராது. அவனோடு வளர்ந்தவர் யாரென்று பார்க்க வேண்டும். ஒரே வீடு, ஒரே பசி, ஒரே பாடம். அவர் வேறு மாதிரி ஆனார் என்றால், காரணத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது என்று பொருள். அந்த இடைவெளியில்தான் தேர்வு நடந்தது.

தமிழ்நாட்டில் பாடப்படும் பெருங்கதைகள் எல்லாவற்றிலும் கொடியவனுக்குப் பக்கத்தில் இப்படி ஒருவர் நிற்கிறார். துகிலுரியும் சபையில் பீஷ்மரும் துரோணரும் தடுக்காமல் இருக்க எழுந்து பேசியவன் விகர்ணன். துரியோதனன் வந்த அதே நெய்க்குடங்களிலிருந்து வந்தவன். அதே தாய், அதே கண்ணில்லாத தந்தை, அதே பொறாமை ஊறிய அரண்மனை. வில்லிபுத்தூரார் அவனைப் பேச வைத்தார். பாரதி 1912இல் வெளியிட்ட ‘பாஞ்சாலி சபத’த்தின் முதல் பகுதிக்குப் பின் வெளிவந்த இரண்டாம் பகுதியில் அவனுக்கென்றே ஓர் இடம் ஒதுக்கினார். அவனுக்கு மறுமொழி சொல்லி அடக்கியவன் யார்? கர்ணன்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாரதத்தில் மிகப் பெரிய காயம் பட்டவன் கர்ணன். ஆற்றில் விடப்பட்டவன், தேரோட்டி மகன் என்று அரங்கத்தில் இழிவுபட்டவன், கூத்து மரபில் சொந்த மனைவி பொன்னுருவியின் வாயாலேயே பிறப்பைச் சொல்லி இகழப்பட்டவன். கர்ண மோட்சம் ஆடும் இரவில் கண் கலங்காதவர்கள் குறைவு. அந்தக் கர்ணன்தான் சபையில் ஒரு பெண்ணுக்காகப் பேசியவனை அதட்டி உட்கார வைக்கிறான், துகிலை உரியச் சொல்கிறான். இழிவு என்றால் என்னவென்று அந்தச் சபையில் அவனைவிட அறிந்தவர் யாரும் இல்லை. காயம் தானாகக் கருணையைக் கற்றுத் தருவதில்லை. கர்ணனையும் விகர்ணனையும் ஒரே காட்சியில் எதிரெதிரே நிறுத்திய கவிகள், காயத்தை மட்டும் வைத்து யாரையும் விளக்க முடியாது என்று நமக்குக் காட்டிவிட்டார்கள்.

விகர்ணனும் கடைசிவரை துரியோதனன் பக்கம் நின்று வீமன் கையால் இறக்கிறான். சிங்கமுகன் அண்ணனிடம் தேவர்களைச் சிறையிலிருந்து விட்டுவிடு என்று சொல்லிப் பார்த்து, கேளாதபோது அவனுக்காகவே போர்க்களம் போகிறான். கும்பகர்ணனும் அப்படியே. நம் மரபின் உடன்பிறந்தவர்கள் பெரும்பாலும் தவறென்று சொல்கிறார்கள், பிறகு செஞ்சோற்றுக் கடனுக்காகச் செத்துப்போகிறார்கள். வீடணன் மட்டும் கிளம்பிப் போகிறான். அவனைத் துரோகி என்று திட்டும் பேச்சு இன்றும் ஊர்த் திண்ணைகளில் ஓயவில்லை. சூரசம்ஹாரச் சடங்கோ இன்னும் ஒரு படி போய்விடுகிறது. ஒரே உடலில் யானைமுகம், சிங்கமுகம், சூரன் முகம் என்று தலையை மட்டும் மாற்றி மாற்றி வைத்து மூவரையும் முருகன் வேலுக்கு இரையாக்குகிறார்கள். நூலில் சிங்கமுகன் சொன்ன அறிவுரை கோயில் வீதியில் யாருக்கும் கேட்பதில்லை. எதிர்த்துப் பேசிய தம்பியும் கேட்காத அண்ணனும் ஒரே பொம்மையாகிவிடுகிறார்கள். சடங்குக்கு அது வசதி. கதைக்கு அது இழப்பு.

காலின்ஸ் இந்த இடத்தை டைக்ரிஸுக்குக் கொடுத்திருக்கிறார். அவளும் பெற்றோரை இழந்தவள். அதே வீட்டில், அதே முட்டைக்கோஸ் கஞ்சியில் வளர்ந்தவள். தம்பிக்காகச் சட்டை தைத்தவள். லூசி கிரேயைப் பற்றி அவள் முதலில் கேட்பது, அந்தப் பெண் எவ்வளவு பயந்திருப்பாள் என்பது. ஸ்னோ முதலில் கணக்கிடுவது, அவளால் தனக்கு என்ன ஆதாயம் என்பது. பசி இருவருக்கும் ஒன்று. அவள் பசியிலிருந்து இன்னொருவர் பசியை அறிந்தாள். அவன் பசியிலிருந்து இனி ஒருபோதும் கீழே விழக்கூடாது என்பதை மட்டும் அறிந்தான். செஜானஸைத் தூக்குக்கு அனுப்பும் பேச்சை, கேட்டதைப் பிடித்துவைக்கும் ஜாபர்ஜே பறவையில் பதிவு செய்து தலைநகருக்கு அனுப்புவது, காதலித்த லூசி கிரேயைக் காட்டில் துப்பாக்கியோடு தேடுவது, கடைசியில் ஹைபாட்டமுக்கு நஞ்சு வைப்பது என்று அவன் இறங்கும் ஒவ்வொரு படியும் இந்தச் சிறிய வேறுபாட்டின் நீட்சி.

டைக்ரிஸ் விகர்ணனைப் போல முடியவில்லை. 2010இல் வெளியான ‘மாக்கிங்ஜே’யில், ஸ்னோவைக் கொல்லத் தலைநகருக்குள் ஊடுருவிய காட்னிஸ் குழுவைத் தன் கடையின் நிலவறையில் ஒளித்து வைக்கும் கிழவி அவள்தான். அப்போது அவள் யாரென்று வாசகருக்குத் தெரியாது. பத்தாண்டுக்குப் பின் வந்த நூலைப் படித்தவர்தான் திரும்பிப் போய்ப் பார்த்து, சட்டை தைத்த அக்காவை அந்தக் கடையில் கண்டுபிடிக்கிறார். சோற்றுக் கடனைத் தாண்டி வந்த உடன்பிறப்பு. வீடணனை இன்னும் மன்னிக்காத நம் ஊர்களில் டைக்ரிஸைப் பற்றிப் பேசினால் நல்ல விவாதம் நடக்கும்.

7. கட்டியக்காரன் இல்லாத நாவல்

கூத்தில் வில்லன் தன் வாயால் தன் பெருமை பேசும்போது கட்டியக்காரன் பக்கத்தில் நிற்கிறான் என்று சொன்னேன். அவன் கேள்வி கேட்பான், குறுக்கே பேசுவான், ராஜாவின் வீறாப்பை ஊர்ப் பேச்சில் இறக்கிப் பார்ப்பான். ராஜாவின் சொல்லில் கூட்டம் மயங்கிப் போகாமல் இருக்க அவன் காவல்.

காலின்ஸின் முதல் மூன்று நாவல்களை காட்னிஸ் ‘நான்’ என்று சொல்கிறாள். ஸ்னோவின் கதை படர்க்கையில் சொல்லப்படுகிறது. ஆனால் கதைசொல்லி அவன் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். அவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள் எல்லாம் நம் காதில் நியாயம்போல விழுகின்றன. ஒவ்வொரு துரோகத்துக்கும் அவனிடம் ஒரு காரணம் தயார். குறுக்கே கேட்க யாரும் இல்லை. அந்த வேலை வாசகரின் தலையில் விழுகிறது. பதினான்கு வயதில் எல்லாருக்கும் அது கைகூடும் என்று சொல்ல முடியாது. ஸ்னோவின் மீது இரக்கம் மட்டும் மிஞ்சிப் புத்தகத்தை மூடும் பிள்ளைகள் இருப்பார்கள். தனியாகப் படிக்காமல் நாலு பேராகப் படித்துப் பேச வேண்டிய நூல் என்று இதை நான் சொல்வது அதனால்தான்.

8. படுகளம்

பாரதத்தின் கடைசி நாள் காலையில் கோயில் வெளியில் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். களிமண்ணால் பெரிய உருவமாகச் செய்து வண்ணம் தீட்டியிருப்பார்கள். வீமன் தொடையைப் பிளப்பான், செஞ்சாயம் பீறிடும், பாஞ்சாலி விரிந்த கூந்தலை முடிவாள். உடனே பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். நேற்று இரவு வரை திட்டித் தீர்த்தவனுக்காக அழுவார்கள். பிறகு அந்த மண்ணைப் பிடி பிடியாக எடுத்துக்கொண்டு போய் நெற்குதிரிலும் வயலிலும் போடுவார்கள். விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. சூரனும் மயிலாகவும் சேவலாகவும் மாறி முருகனோடு தங்கிவிடுகிறான். தண்டனையும் துக்கமும் ஒன்றுக்கொன்று தடையாக இருக்க வேண்டியதில்லை என்பது இந்த ஊர்களின் பழக்கம். ஸ்னோவின் சாவில் இப்படி எதுவும் இல்லை. கூட்டத்தின் நடுவே கட்டப்பட்ட நிலையில் இறந்து கிடக்கிறான். மிதிபட்டா, இருமிச் சிரித்து மூச்சடைத்தா என்று எவருக்கும் தெரியவில்லை. அவனுக்காக அழ ஒருவரும் இல்லை. 2010இல் அது சரியாகப்பட்டது. 2020இன் நூலைப் படித்தபின் ஏதோ ஒன்று மிச்சம் இருப்பதாகப் படுகிறது.

9. முகமில்லாத சர்வாதிகாரி

தமிழிலேயே எழுதப்பட்ட டிஸ்டோபியா என்றால் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’தான் முன்னால் நிற்கிறது. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்பு தூர்தர்ஷனிலும் வந்தது. அப்போது தொலைவில் இருந்த 2021, 2022ஆம் ஆண்டுகளில் நடக்கும் கதை. மக்களுக்கு எண், பெயருக்கு இரண்டே எழுத்து, பிள்ளை பெற அரசின் அனுமதி, முதுமைக்கு வரம்பு. இளையோருக்கென்று முத்திரை குத்தி எழுதப்படாவிட்டாலும் இரண்டு தலைமுறைப் பதின்வயதினர் இதைப் படித்து வளர்ந்தார்கள்.

அதில் ஆள்பவன் ஜீவா. அவனுக்கு இளமைக் கதை கிடையாது. இருக்கவும் முடியாது, கடைசியில் அவன் ஆளே இல்லை, ஹோலோகிராம் பிம்பம் என்று தெரிகிறது. பசித்த சிறுவனும் இல்லை, பொல்லாத ஆசிரியரும் இல்லை. சுஜாதாவின் கண்டுபிடிப்பு கூர்மையானது. கொடுங்கோலனின் மனத்தைத் தோண்டிக்கொண்டே இருந்தால் பிம்பத்தை இயக்குகிறவர்கள் தப்பிவிடுவார்கள் என்று அது எச்சரிக்கிறது. பிம்பம் கலைந்தபின் அதிகாரம் மக்களிடம் வருவதில்லை. புரட்சிக்காரர்களாக வந்த ரவியும் மனோவும் நாயகி நிலாவை முன்னே நிறுத்திப் பின்னாலிருந்து ஆளத் தொடங்குகிறார்கள். அடுத்த நாவலான ‘மீண்டும் ஜீனோ’ அங்கிருந்து தொடர்கிறது.

ஆக உண்மையான தோற்றக்கதை ஜீவாவுடையது அல்ல, ரவியுடையது. அவன் நல்லவனைப்போல நிலாவின் வீட்டுக்குள் வருகிறான். கூடவே ஜீனோ என்கிற இயந்திர நாய். புத்தகம் படிக்கும், வாதாடும், கிண்டல் செய்யும். ரவியின் செல்லமாக வந்த அது மெல்ல மெல்ல நிலாவின் பக்கம் போய்ச் சேர்கிறது. ரவிக்கு அருகில் இருந்து, அவனை முழுதாக அறிந்து, அவனோடு போகாத சாட்சி அதுதான். டைக்ரிஸுக்குக் கிடைத்த இடம் சுஜாதாவிடம் ஒரு நாய்க்குக் கிடைத்திருக்கிறது. மனிதர்களில் அப்படி ஒருவரை அவர் அந்த வீட்டில் வைக்கவில்லை. ரவி எந்த ஊர்ப் பள்ளியில் படித்தான், எந்தக் கேள்விக்கு விடை எழுதிப் பாராட்டு வாங்கினான் என்பதெல்லாம் இன்னும் எழுதப்படாமலே கிடக்கிறது. அப்படியொரு நாவலைத் தமிழில் எழுத வருகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஜீனோவுக்கு முன்னால் ரவியோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தது யார் என்பதைத்தான்.